பாலாறும் டேனரிகளும்: சண்டை எதைச் சாதித்தது, ஒத்துழைப்பு எங்கே தவறியது

வேலூர்ப் பக்கத்து ஆள் யாரிடமாவது பாலாறு என்று பேச்செடுத்துப் பாருங்கள், அடுத்த வார்த்தை ஆந்திரா என்றுதான் வரும். குப்பம் பக்கம் தடுப்பணை மேல் தடுப்பணையாகக் கட்டிவிட்டார்கள், புல்லூரில் உயரத்தை ஏற்றிவிட்டார்கள், மதராஸும் மைசூரும் போட்ட 1892 ஆற்றுநீர் ஒப்பந்தத்தை மதிக்கவில்லை, இந்த அரசு தூங்குகிறது, போன அரசும் தூங்கியது. இதில் எதுவும் பொய்யில்லை. கணேசபுரத்தில் அணை கட்டப்போவதாக ஆந்திரா சொன்னபோது 2006-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது, புல்லூர்த் தடுப்பணை உயர்ந்தபோது 2016-ல் மறுபடியும் போனது. ஆனால் இந்த ஆற்றின் 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கிறது. அந்த 222 கிலோமீட்டரில் நாமே என்ன செய்துவைத்தோம் என்ற பேச்சு தேர்தல் மேடைகளில் அநேகமாக வருவதேயில்லை.

அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். அரசியலில் மோதித்தான் காரியம் சாதிக்க வேண்டுமா, உட்கார்ந்து பேசி ஒத்துழைத்துச் சாதிக்க வேண்டுமா என்ற விவாதம் அடிக்கடி நடக்கிறது. பொதுவாகப் பேசினால் அது முடியவே முடியாது, அவரவர் குணத்துக்கு ஏற்ற பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, அதில் எப்போது யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் யாரோடு மோதினார்கள், ஒவ்வொரு தடவையும் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன ஆனது என்று பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும். அதற்குப் பாலாற்று டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, விவகாரத்தைவிட நல்ல விஷயம் வட ஆற்காட்டில் கிடையாது. ஏறத்தாழ நாற்பது வருடக் கதை, இரண்டு முறைகளும் இதில் முழுசாகப் பரிசோதிக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் டேனரிக்காரர்களை மட்டும் வில்லனாக்கினால் கதை புரியாது. தோல் பதனிடுவது இந்தப் பக்கத்தில் பழைய தொழில். முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டு அரைகுறைப் பதத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1970-களில் மத்திய அரசு ஒரு கொள்கை முடிவு எடுத்தது: பச்சைத் தோலாகவும் அரைப் பதத்திலும் ஏற்றுமதி செய்வதைக் குறைக்க வேண்டும், முழுசாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஷூவுமாக அனுப்ப வேண்டும், அப்போதுதான் அந்நியச் செலாவணி கூடும், வேலை கூடும். பொருளாதாரமாகப் பார்த்தால் நல்ல முடிவு, வேலையும் கூடியது. ஆனால் முழுப் பதம் என்றால் பெரும்பாலும் குரோமியம், சாயம், இன்னும் எத்தனையோ ரசாயனம், அப்புறம் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று பின்னாளில் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. அந்தத் தண்ணீர் வேலை முடிந்ததும் எங்கே போகும் என்று டெல்லியில் யாரும் கேட்கவில்லை. இங்கே வாணியம்பாடியில், ஆம்பூரில், பேரணாம்பட்டில், மேல்விஷாரத்தில், ராணிப்பேட்டையில் அது ஓடைக்கும் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போனது. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிர் வைக்க லாயக்கில்லாமல் போனது. இந்தக் கணக்கும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

35,000 ஹெக்டேர் என்றால் எண்ணாகத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். வரப்பின் மேல் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். தென்னை பாளை விடும், குரும்பை நிற்காது, தப்பி நின்ற காயும் கைக்குள் அடங்கும். கிணற்றில் தண்ணீர் நிறையவே இருக்கும், அதை இறைத்து நெல்லுக்கு விட்டால் தூர் கட்டாமல் நுனி கருகும். தண்ணீர் இல்லாமல் காய்ந்து போன பூமியை ஒரு நல்ல மழை திருப்பித் தந்துவிடும். உப்பு ஏறிய பூமி அப்படித் திரும்புவதில்லை.

பத்து வருடத் தவணை

தீர்ப்பைப் படிக்கும்போது என்னை ரொம்பவும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநில அரசும் டேனரிகளைப் பார்த்து, தனியாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று சுமார் பத்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. கேட்டார்கள், தவணை தந்தார்கள், தவணை முடிந்ததும் மறுபடி தவணை தந்தார்கள். மத்திய அரசும் மாநில அரசும் மானியம் தரவும் தயாராக இருந்தன. அப்படியும் பெரும்பாலான டேனரிகள் அசையவில்லை.

இந்தப் பத்து வருடத்தில் ஆட்சியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். எம்.ஜி.ஆர்., பிறகு குடியரசுத் தலைவர் ஆட்சி, கலைஞர், பிறகு ஜெயலலிதா. தமிழ்நாட்டு அரசியலில் கட்சிச் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது, சட்டமன்றத்துக்குள்ளேயே கைகலப்பு நடந்த காலம். ஒருவர் கொண்டுவந்த திட்டத்தை அடுத்தவர் வந்ததும் தூக்கிப் போட்ட காலம். ஆனால் டேனரிக்குத் தவணை தருவதில் எல்லா ஆட்சியும் ஒன்றாகவே நடந்துகொண்டது. நாம் அரசியலில் மோதல் என்று எதைச் சொல்கிறோமோ அந்தக் கட்சி மோதல் இந்த விஷயத்தைத் தொடவேயில்லை. மோத வேண்டிய இடத்தில் அவர்கள் ஒத்துப்போயிருந்தார்கள், கூட்டாகச் செய்திருக்க வேண்டிய இடங்களில் மோதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பக்கம், அரசும் டேனரி முதலாளிகளும் பேசிப் பேசித் தவணை போட்டுக்கொண்ட அந்த ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் உண்மையில் ஒத்துழைப்பு. பேச்சுவார்த்தை நடந்தது, மானியம் இருந்தது, யாரும் யாரையும் மிரட்டவில்லை, தொழில் நடந்தது, ஏற்றுமதி ஏறியது. நாட்டின் முழுப் பதத் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போனது. ஆகவே அரசுக்கும் முதலாளிக்கும் பிணக்கே வர வழியில்லை. நஷ்டப்பட்ட விவசாயி மட்டும் அந்த மேசையில் இல்லை. ஒத்துழைப்பு நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், யாரோடு யார் ஒத்துழைத்தார்கள், செலவு யார் தலையில் விழுந்தது என்று கேட்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் சுத்திகரிப்புச் செலவு மிச்சமாகி முதலாளியிடம் நின்றது, அரசுக்கு அந்நியச் செலாவணி வந்தது, இரண்டுக்குமான விலையை ஆம்பூர் பக்கத்து மாராபட்டிலும் பேரணாம்பட்டிலும் கிணறு வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள்.

ஊருக்குள் ஏன் சண்டை வரவில்லை

அப்படியானால் விவசாயிகள் ஏன் திரண்டு டேனரி வாசலில் உட்காரவில்லை? போராட்டம், மறியல் நடக்காமல் இல்லை. ஆனால் அது ஒரு பெரிய எழுச்சியாக மாறவே இல்லை. வெளியூர்க்காரர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள், பதில் ஆம்பூரில் காலை நேரத்தில் ரோட்டோரம் நின்றாலே தெரிந்துவிடும். கம்பெனி பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கிராமத்துப் பெண்களை இறக்கும், டிபன் பாக்ஸ் கூடையோடு ஷூ கம்பெனிக்குள் போவார்கள். இவர்களில் பாதிப்பேர் அதே பாழ்பட்ட கிராமங்களிலிருந்து வருகிறவர்கள்தான். அண்ணன் நிலம் உப்பாகிப் போனதென்று மனு எழுதிக்கொண்டிருப்பார், தம்பி டேனரியில் ஊறத் தொட்டியில் நிற்பார், தம்பி பெண்சாதி ஷூ தைப்பார். நிலம் போனதால்தான் பல வீடுகளில் கம்பெனி வேலைக்கே போனார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும்போது டேனரியை மூடு என்று யார் கோஷம் போடுவது? அதோடு டேனரி முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஊறத் தொட்டியில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும், நிலம் வைத்திருப்பவர்களில் பலர் வேறு சாதிக்காரர்கள். இதை வைத்துத் தீமூட்ட நினைத்திருந்தால் மூட்டியிருக்கலாம். அப்படி நடக்காமல் இந்த மாவட்டம் தப்பித்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

எந்தக் கட்சிக்கும் இதனால் ஆதாயமில்லை. விவசாயி ஓட்டும் வேண்டும், தொழிலாளி ஓட்டும் வேண்டும், முதலாளி தயவும் வேண்டும். ஆந்திராவைத் திட்டினால் மூவரும் கைதட்டுவார்கள், டேனரியைத் தொட்டால் மூவரில் இருவர் முகம் சுளிப்பார்கள். கணக்கு அவ்வளவுதான். அதனால்தான் சண்டை ஊரை விட்டு வெளியேறி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கு என்ன தந்தது

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் பொதுநல வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. இன்றைக்கு இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவரும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. மாசுபடுத்தியவனே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும், கெடுதல் வரும் என்று சந்தேகம் வந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும், கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவன் மேல்தான் என்ற கொள்கைகள் எல்லாம் இந்த நாட்டுச் சட்டத்தின் பாகம் என்று அதில் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது, ஆனால் அதற்காக ஆற்றையும் நிலத்தையும் மக்கள் உடம்பையும் கெடுக்க அதற்கு உரிமை கிடையாது என்றது நீதிமன்றம்.

நடைமுறையில், ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத டேனரி 1996 நவம்பர் 30-க்குள் அதைச் செய்து அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும், மூட வைப்பது கலெக்டர், எஸ்.பி. பொறுப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்குத் தனி அமர்வு. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம். வழக்கை நடத்திய வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவுக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதும் தீர்ப்பிலேயே இருக்கிறது.

பத்து வருடம் கெஞ்சியும் நடக்காத காரியம், மூடுவோம் என்ற ஒரே உத்தரவில் சில மாதங்களில் நகர ஆரம்பித்தது. மோதலைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஒரு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பேசிப் பார்த்தாயிற்று, மானியம் காட்டிப் பார்த்தாயிற்று, எதிராளி பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து போனாலும் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று இருக்கும்வரை பேச்சு நகராது. எழுந்து போனால் நஷ்டம் என்ற நிலையை வழக்குதான் உண்டாக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நல்ல ஒத்துழைப்பு. பொது சுத்திகரிப்பு நிலையம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இது புரியும். வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாக இருக்கும் டேனரிக்காரர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிப்பார்கள், ஆளுக்கொரு பங்கு, மத்திய மாநில மானியம், மிச்சம் வங்கிக் கடன். ஒவ்வொரு டேனரியிலிருந்தும் கழிவுநீர் குழாய் வழியாகப் பொது நிலையத்துக்குப் போகும், எவ்வளவு அனுப்புகிறாரோ அதற்கேற்பக் கட்டணம். சின்ன டேனரி ஒன்று தனியாகச் சுத்திகரிப்பு கட்டவே முடியாது, இப்படிச் சேர்ந்தால் முடியும். இந்த ஏற்பாடு வந்திருக்காவிட்டால் 1996-க்குப் பிறகு இரண்டு, மூன்று பெரிய கம்பெனி மட்டும் மிஞ்சியிருக்கும், நூற்றுக்கணக்கான சின்ன டேனரிகள் மூடி, அந்தத் தொழிலாளிகள் தெருவுக்கு வந்திருப்பார்கள்.

ஆனால் அதிலும் ஓர் ஓட்டை இருந்தது, அதுவும் உப்பு வழியாகவே வந்தது. தோல் கெடாமலிருக்க உப்பில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள், முதல் ஊறலிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். நுண்ணுயிரை வைத்துச் செய்யும் சுத்திகரிப்பு நாற்றத்தை எடுக்கும், அழுக்கை எடுக்கும். உப்பை எடுக்காது. வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி, அதைப் பல நிலையங்களால் நெருங்கவே முடியவில்லை. பார்ப்பதற்குத் தெளிவாக ஓடிய நீர் நிலத்தை முன்போலவே கெடுத்தது. பிறகு மறுபடி அழுத்தம், மறுபடி நீதிமன்றம், வாரியத்தின் கெடு, அப்புறம்தான் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு, ஆர்.ஓ. வைத்து நீரைத் திரும்பப் பயன்படுத்தி மிச்சத்தை ஆவியாக்கும் முறைக்கு மாறினார்கள். இதற்கு மின்சாரச் செலவு அதிகம். செலவு அதிகமானால், மழை பெய்யும் ராத்திரியில் வால்வைத் திறந்துவிடும் ஆசை சிலருக்கு வரும். மாராபட்டுப் பாலத்தடியில் மழைக்காலத்தில் பாலாறு நுரையாகப் பொங்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் ஒழுங்காகக் கட்டணம் கட்டி அனுப்ப, பதினோராவது ஆள் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டால் கெட்ட பெயர் பதினொருவருக்கும்தான். இதை ராத்திரியில் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் ஆற்றோரக் கிராமத்து ஆள். அவருக்கு இந்த ஏற்பாட்டில் எந்த இடமும் தரப்படவில்லை.

வழக்கு எதைத் தர முடியவில்லை

ஆணையம் 1996 செப்டம்பர் கடைசியில் அமைக்கப்பட்டது. கிராமம் கிராமமாகப் போய், மனு வாங்கி, மண்ணும் நீரும் பரிசோதித்து, 2001-ல் முடிவு சொன்னார்கள். வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29,000 பேர் பாதிக்கப்பட்டவர்கள், ஐநூற்றுக்கும் மேற்பட்ட டேனரிகள் சேர்ந்து 26 கோடி ரூபாய்க்கும் மேல் தர வேண்டும். கேட்பதற்குப் பெரிய தொகை. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம். ஒரு கிணறு, சில ஏக்கர், இரண்டு தலைமுறை உழைப்பு, இதற்கு ஒன்பதாயிரம். ஒரு போர்வெல் போடக்கூட அது பத்தாது. அதுவும் 1998 வரைக்குமான நஷ்டத்துக்குத்தான், அதற்குப் பின்னால் வந்த வருடங்களுக்காக மறுபடி உயர் நீதிமன்றம், 2010-ல் அங்கே உத்தரவு, அங்கிருந்து மேல்முறையீடு.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், மறுபடியும் இதே விஷயத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. இன்னும் நஷ்டஈடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் மாநில அரசே கொடுத்துவிட்டு, பிறகு டேனரிகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. 1991-ல் போட்ட வழக்கில் 1996-ல் ஜெயித்தவர்களுக்கு 2025-ல் ஆறு வாரக் கெடு. மனு போட்டவர்களில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இல்லை, பட்டா பேரன் பேருக்கு மாறியிருக்கும், நிலத்தைப் பிளாட் போட்டு விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. இதை எழுதும்போது கோபம் வராமலிருக்க என்னால் முடியவில்லை.

எதிராளி மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது ஒரு நாளில் முடிகிற காரியம், தீர்ப்பு நாள் என்று ஒன்று உண்டு. வசூல், பட்டுவாடா, கண்காணிப்பு இதற்கெல்லாம் ஒரு நாள் என்று கிடையாது. அது தினப்படி நிர்வாகம், தினப்படி நிர்வாகத்தை டெல்லியிலிருந்து நடத்த முடியாது. தீர்ப்பு அந்த வேலையைக் கலெக்டரிடம் கொடுத்தது. கலெக்டர் இரண்டு வருடத்தில் மாறுவார், புதிதாக வருகிறவருக்கு அந்தக் கோப்பு நூறு கோப்புகளில் ஒன்று.

மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும், போயிருப்பவர்களுக்குத் தெரியும். மழை அளவு, உர இருப்பு எல்லாம் வாசித்து முடித்ததும் விவசாயிகள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். பச்சைத் துண்டு போட்ட ஒருவர் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மேசை மேல் வைப்பார். "ஐயா, இதைப் பாருங்கய்யா, மாடுகூட வாய் வைக்க மாட்டேங்குது" என்பார். கலெக்டர் திரும்பிப் பார்ப்பார், வாரியத்து அதிகாரி எழுந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்பார், பதிவாகும், அடுத்த ஆள் கரும்பு நிலுவை பற்றி ஆரம்பிப்பார். யாரும் அங்கே பொய் சொல்லவில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் அந்தப் பரிசோதனையின் முடிவை அடுத்த கூட்டத்தில் வாசித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எழுந்து போனால் நஷ்டம் என்ற நிலை அந்த அறைக்குள் வருவதில்லை.

யாருமே கணக்கில் எடுக்காத இன்னொரு தரப்பும் உண்டு. 2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். விவசாயிக்கு ஒரு வழக்காவது இருந்தது, முதலாளிக்குச் சங்கம் இருந்தது. இவர்களுக்கு இங்கே ஓட்டுகூடக் கிடையாது. கழிவை எங்கே தேக்குவது, எவ்வளவு தேக்குவது என்று முடிவெடுத்த எந்தக் கூட்டத்திலும் அந்தத் தொட்டிப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர்களில் ஒருவர் உட்கார்ந்ததில்லை.

அதே ஆந்திரா, வேறு தண்ணீர்

இரண்டு மாநிலங்களுக்கு நடுவிலான தண்ணீர் என்றாலே சண்டைதான் என்று நினைக்க வேண்டாம். பாலாற்றில் நம்மோடு மோதும் அதே ஆந்திராதான் 1983-ல் தமிழ்நாட்டோடு தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டது. என்.டி.ஆரும் எம்.ஜி.ஆரும் கையெழுத்திட்டார்கள், 1996-ல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. அது எப்படி முடிந்தது? இருவரும் சினிமாக்காரர்கள், நண்பர்கள் என்பது ஒரு பாதி. மறு பாதி, கால்வாய்ச் செலவில் தமிழ்நாடு பங்கு கொடுத்தது, அந்தக் கால்வாய் வழியில் ராயலசீமாவுக்கும் பாசனம் கிடைத்தது. சென்னைக்குத் தண்ணீர் வந்தால் ஆந்திராவுக்கும் லாபம். பாலாற்றில் மேல்பக்கம் இருக்கும் குப்பத்துக்காரருக்கு நாம் கொடுக்க முன்வந்தது என்ன? ஒன்றுமில்லை. அதனால் அங்கே வழக்கைத் தவிர வேறு வழி தெரியாமல் நிற்கிறோம்.

வேலூர்ப் பக்கத்து நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஓடைகளின் குறுக்கே உறை இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள் கட்டியதை நாடே பாராட்டியது, பாராட்டத் தகுந்த வேலை. அது கூட்டு முயற்சியால் நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிணற்றில் நீர் ஏறினால் ஊரில் யாருக்கும் நஷ்டமில்லை. அதைக் காட்டி, பார்த்தீர்களா, சண்டையில்லாமல் சாதிக்கலாம் என்று பாலாற்று விவசாயிக்குப் பாடம் சொல்வது நியாயமில்லை. அவர் எதிரில் நஷ்டப்பட வேண்டிய ஒருவர் இருக்கிறார்.

இப்போது

2025 தீர்ப்பில் நஷ்டஈட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அமைக்கச் சொன்ன குழு. அரசுத் துறைச் செயலாளர்கள், நிபுணர்களோடு பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது, பாலாற்றுக்குச் சுற்றுச்சூழல் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. வழக்கை முடித்துவிடாமல் தன் பார்வையிலேயே வைத்துக்கொண்டும் இருக்கிறது. விவசாயிக்கு நாற்காலியும் கிடைத்து, பின்னால் நீதிமன்றத்தின் கையும் இருப்பது இந்தக் கதையில் இதுதான் முதல் தடவை. 1980-களில் மேசை இருந்தது, பிடி இல்லை. 1996-ல் பிடி இருந்தது, மேசையில் விவசாயி இல்லை.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூருக்குப் போயின, ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு, பேரணாம்பட்டு மட்டும் வேலூரில். தாசில்தார் ஆபீசும் கலெக்டர் ஆபீசும் பக்கத்தில் வந்தது மக்களுக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆறு, ஒரே உப்பு, மூன்று கலெக்டர், மூன்று குறைதீர் கூட்டம். ஆம்பூரில் இறங்கும் கழிவு வேலூர் கடந்து ராணிப்பேட்டைக்குப் போகும்போது எந்தக் கூட்டத்தில் பாட்டிலை வைப்பது? குழு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து உட்கார்ந்தால்தான் வேலைக்கு ஆகும்.

குழுவில் உட்காரும் விவசாயப் பிரதிநிதிகள் பெரிய கோரிக்கைகளோடு ஆரம்பிக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு ஆற்றோர ஊராட்சியிலும் இரண்டு கிணறு, ஆற்றில் ஓரிடம், மாதம் ஒரு தடவை உப்பளவு பார்த்து, தேதியோடு ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளையே பார்க்கலாம். ஆய்வகப் பரிசோதனைக்கு அது ஈடாகாது, ஆனால் எந்த மாதத்தில், எந்த மழைக்குப் பிறகு எண் எகிறுகிறது என்று காட்டிவிடும். வாரியத்தின் எண் ஒன்று, ஊரின் எண் வேறு என்றால் அதைக் குழுவின் முன் வைத்துக் கேட்கலாம். ஒழுங்காக நடத்தும் டேனரிக்காரருக்கும் இது நல்லதுதான், பதினோராவது ஆள் யாரென்று தெரிந்துவிடும். தொழிலாளிகள் பிரதிநிதியும் ஒருவர் வேண்டும், வெளிமாநிலத்து ஆட்கள் படுக்கும் இடத்தையும் கழிவு தேங்கும் இடத்தையும் தணிக்கையில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்த அவர் இருந்தால்தான் முடியும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை கூடும். வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை ஆற்றோரத்தில் இருக்கிறவர்கள் அன்றைக்கு எழுந்து இந்தப் பலகைக்கு ஒரு தீர்மானம் கேளுங்கள். தீர்மான நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எண்ணும் தேதியும் இருக்கட்டும். குழுவுக்கு ஒரு நகல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு நகல், பக்கத்து ஊராட்சித் தலைவருக்கு ஒரு நகல்.